ஐந்து டைமனுக்குப் பிறகு நாற்பது விநாடி: கேட்காமல் விட்ட ஒரு ஸ்லாம்

பின்னணி

ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் வழியில் இருக்கும் எங்கள் வீட்டில் போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் பிரிட்ஜ் நடக்கும். எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடியாக, எது துரும்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் கேட்டு ஆடும் சீட்டாட்டம். ஒன்று என்று கேட்டால் ஏழு பிடி, ஆறு என்றால் பன்னிரண்டு. அன்றைக்குப் பள்ளிக்கூடமும் பேங்கும் பூட்டு. சாராயக் கடையும் பூட்டு என்பதால் வருகிறவர்கள் தெளிவாகவே வருவார்கள். நான் இப்போது அதிகம் ஆடுவதில்லை. போர்டுகளை (முன்பே பிரித்து வைத்த தாள்களை) அடுக்குவதும் கணக்கு எழுதுவதும்தான் என் வேலை. இந்த ஆய்வில் வரும் ஏலத்தை முதல் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாவது மேசை அடுத்த அறையில் இருந்தது. அங்கே நடந்ததைப் பிறகு கேட்டு எழுதிக்கொண்டேன்.

பொசன் போயா அன்று பண்டாரவளையிலிருந்து நால்வர் வந்திருந்தார்கள். நால்வருக்கு நால்வர், 24 போர்ட். ஒரே தாள்களை இரண்டு அறைகளிலும் ஆடி, வித்தியாசத்தை இம்ப் (அணிப் போட்டிக்கான புள்ளி) அட்டவணைப்படி மாற்றி எழுதும் வழக்கமான முறை.

எங்கள் அணியின் வடக்கு, தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வுபெற்ற டீமேக்கர். நாற்பது வருடத்துக்கு முன்னால், நாலாவது ஆளுக்கு வழியில்லாத ஒரு பெரிய தொரை (தோட்ட மேனேஜர்) இவரைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பழக்கிய ஆட்டம் இது. தெற்கு, தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பிக்கும் டீச்சர். ஆடத் தொடங்கி நான்கு வருடம்தான், ஆனால் தாள் எண்ணுவதில் எங்கள் எல்லாரையும்விடச் சுத்தம். இரண்டு பேரும் ஒரு வருடமாக ஜோடி. கேள்விகளுக்கான உடன்பாடுகளை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்கள். எதிராளி இடையில் புகுந்து தாவினால் என்ன செய்வது என்ற பக்கத்தில் அதுவரை இரண்டு வரிதான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லாரும் முந்நூற்றிநான்கு என்ற சீட்டாட்டத்தில் வளர்ந்தவர்கள். அதில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று கையில் இருப்பதைக் கூட்டிப் பார்த்துக் கேட்போம், துரும்பைக் கவிழ்த்து வைப்போம். புள்ளி இருந்தால் கேள், இல்லாவிட்டால் விடு. அந்தப் பழக்கம் பிரிட்ஜுக்கு வந்த பிறகும் உடம்பை விட்டுப் போவதில்லை. பிரிட்ஜில் புள்ளி எவ்வளவு என்பதைவிட அது எந்தச் சாதியில் (இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர்) கிடக்கிறது என்பதே பல நேரம் முக்கியம். இந்தப் போர்டில் நடந்தது முழுவதும் அதுதான்.

தாள்கள்

15ஆவது போர்ட். தெற்கு போட்டது. வடக்கு–தெற்கு வல்னரபிள் (வென்றால் வரவும் தோற்றால் தண்டனையும் கூடும் நிலை), எதிர்த்தரப்பு இல்லை.

வடக்கு (டீமேக்கர்): இஸ்பேட் ஏஸ் 6 3, ஆர்ட்டின் ராஜா 9 6 2, டைமன் 4, கிளாவர் ஏஸ் 8 7 5 3.

தெற்கு (டீச்சர்): இஸ்பேட் ராஜா ராணி 7 4, ஆர்ட்டின் ஏஸ் ராணி ஜாக் 8 5, டைமன் 9 6, கிளாவர் ராஜா 4.

மேற்கு: இஸ்பேட் ஜாக் 10 9 5, ஆர்ட்டின் 4, டைமன் ஏஸ் ராஜா ஜாக் 10 8 2, கிளாவர் ராணி 10.

கிழக்கு: இஸ்பேட் 8 2, ஆர்ட்டின் 10 7 3, டைமன் ராணி 7 5 3, கிளாவர் ஜாக் 9 6 2.

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று எண்ணினால் வடக்கில் 11 புள்ளி, தெற்கில் 15. மொத்தம் 26. நான்கு கேட்டுப் பிடிக்கப் போதுமான கை என்று யாரும் சொல்வார்கள். ஸ்லாமுக்கு (ஆறு கேட்டுப் பன்னிரண்டு பிடி எடுப்பது) 33 வேண்டும் என்று பழகியவர்கள் அதற்கு மேல் யோசிக்கவே மாட்டார்கள்.

ஏலம்

டீச்சர் ஒரு ஆர்ட்டின் கேட்டார். மேற்கு இரண்டு டைமன். டீமேக்கர் கொஞ்சம் யோசித்து மூன்று டைமன் கேட்டார். எதிராளியின் சாதியையே திரும்பக் கேட்டால், அவர்களது கொப்பிப்படி, “ஆர்ட்டினில் நல்ல துணை, பத்துப் புள்ளிக்குக் குறையாது” என்று அர்த்தம்.

கிழக்கில் இருந்தவர் இளம் வயதுக்காரர். கையில் மூன்றே புள்ளி. ஆனால் வல்னரபிள் இல்லை, டைமனில் நான்கு தாள் இருக்கிறது, எதிரில் ஆட்டம் (நான்கு ஆர்ட்டின்) உறுதி என்று தெரிகிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஐந்து டைமன் சீட்டு மேசைக்கு வந்துவிட்டது. அந்த போர்டின் மிகச் சிறந்த கேள்வி அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மூன்று டைமனுக்கும் ஐந்து டைமனுக்கும் இடையில் இருந்த வெளி முழுவதையும் ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டார். ஈஸ்லி பிளாக்வுட் 1933இல் வகுத்த நாலு நோட்ரம்ப் கேள்வியும் அதில் போய்விட்டது, ஏஸ் கேட்க இனி இடமில்லை.

கவனித்தவை

தாவிக் கேட்ட பிறகு அடுத்தவர் சுமார் 10 விநாடி பொறுத்துத்தான் கேட்க வேண்டும் என்பது பல போட்டிகளில் உள்ள ஒழுங்கு. நல்ல கையோ மோசமான கையோ, எல்லாரும் ஒரே அளவு நேரம் எடுத்தால் அந்தத் தாமதம் எதையும் காட்டிக் கொடுக்காது. டீச்சர் எடுத்தது நாற்பது விநாடிக்குக் குறையாது. தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது, அதைத் தவிர வேறு சத்தமில்லை. தாள்களை ஒரு தடவை பிரித்து அடுக்கினார். பிடிங் பெட்டியில் (கேள்விச் சீட்டுகள் இருக்கும் பெட்டி) விரல் பாஸ் சீட்டுக்குப் போனது, அங்கிருந்து ஐந்து ஆர்ட்டினுக்குப் போனது, கடைசியில் டபிள் சீட்டை எடுத்து வைத்தார், எதிராளி தோற்பார் என்று சொல்லித் தண்டனையைக் கூட்டும் கேள்வி அது.

மேற்கு பாஸ். டீமேக்கர் தன் தாளைப் பார்க்கவில்லை, டீச்சரையும் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்தார். பிறகு பாஸ். கிழக்கும் பாஸ்.

ஐந்து டைமன் டபிள். இஸ்பேட்டில் இரண்டு, ஆர்ட்டினில் ஒன்று, கிளாவரில் இரண்டு என ஐந்து பிடி எங்களுக்கு வந்தது. மூன்று பிடி குறைவு, 500. டீச்சர் அதை எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தார்.

ஒவ்வொருவரும் எடுத்த முடிவும் காரணமும்

போர்ட் முடிந்த இடைவேளையில் பிளேன்டீ குடித்துக்கொண்டே பேசியதை அப்போதே எழுதிக்கொண்டேன்.

“டீச்சர், நான் மூணு டைமன் கேட்டப்போ உங்களுக்கு என்ன விளங்கிச்சு?”

“பத்துப் புள்ளிக்கு மேல, ஆர்ட்டின் இருக்கு. அவ்வளவுதான் ஐயா. டைமன்ல உங்களுக்கு என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“ஒண்ணுதான் இருந்துச்சு.”

“அதைச் சொல்லியிருந்தா நான் ஆறு கேட்டிருப்பேனே.”

டீச்சரின் கணக்கு இதுதான்: கையில் டைமன் இரண்டு சின்னத் தாள். டீமேக்கரிடமும் இரண்டு இருந்தால் முதல் இரண்டு பிடியும் போய்விடும், ஆறு கேட்டால் தோல்வி. ஐந்து ஆர்ட்டின்கூட ஆபத்தில்லாமல் இல்லை. டபிள் செய்தால் ஏதோ ஒன்று நிச்சயம் வரும். பயந்து செய்ததல்ல, தெரிந்த அளவுக்கு நியாயமான கணக்கு. ஆனால் எதிராளி போட்ட சத்தத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாம் மட்டத்தில் குறுக்கே வந்த மேற்கிடம் பெரும்பாலும் ஆறு டைமன் இருக்கும். ஐந்துக்குத் தாவிய கிழக்கிடம் நான்காவது இருக்கும். தன் கையில் இரண்டு. பதின்மூன்றில் மிச்சம் ஒன்று. கிழக்கு எவ்வளவு துணிந்து தாவுகிறாரோ, டீமேக்கரின் கையில் அவ்வளவு குறைவாக டைமன் இருக்கும். இரண்டு சின்னத் தாள் வைத்திருப்பவர் எதிராளியின் தாவலைப் பார்த்துப் பின்வாங்குவது வழக்கம். தைரியம் வர வேண்டிய இடம் உண்மையில் அதுதான்.

அதோடு சேர்ந்தது 30 புள்ளிக் கணக்கு. சீட்டுக்கட்டில் மொத்தம் 40 புள்ளி, அதில் 10 டைமனில். டீமேக்கருக்கு டைமனில் ஒரே ஒரு சின்னத் தாள்தான் என்றால் அந்தப் பத்தும் எதிராளியிடம், எங்களுக்கு அது தேவையுமில்லை. மிச்ச மூன்று சாதியில் இருப்பது 30. டீச்சரின் 15ம் அதற்குள்தான், ஒன்றுகூட டைமனில் வீணாகவில்லை. டீமேக்கரிடம் பத்தோ பதினொன்றோ இருந்தால் முப்பதில் இருபத்தைந்து, இருபத்தாறு எங்கள் பக்கம். 26 புள்ளியில் ஸ்லாம் வருவது இப்படித்தான்.

டீமேக்கரின் காரணம் வேறு. “நாலு டைமன்னு தாவிக் கேக்கலாமான்னு தோணிச்சு. கொப்பியில இல்லையேன்னு விட்டேன்” என்றார். எதிராளியின் சாதியில் ஒரு படி தாவிக் கேட்பது ஸ்ப்ளின்டர்: நான்கு துரும்பு, அந்தச் சாதியில் ஒற்றைத் தாள் அல்லது ஒன்றுமில்லை, ஆட்டத்துக்குப் போதுமான பலம். எதிராளி குறுக்கே வராதபோது இருவரும் ஸ்ப்ளின்டர் ஆடியிருக்கிறார்கள். குறுக்கே வந்தால் அது செல்லுமா என்று பேசி வைக்கவில்லை. மூன்று டைமன் கேட்டால் அடுத்த சுற்றில் விளக்கமாகச் சொல்லலாம் என்று நினைத்தார். போட்டி ஏலத்தில் அடுத்த சுற்று என்பது கிழக்கு கொடுத்தால்தான் உண்டு.

நான் வாதாடிய இடம் ஒன்று உண்டு. டபிளுக்குப் பிறகு டீமேக்கர் ஏன் சும்மா இருந்தார்? ஒற்றை டைமன், இரண்டு ஏஸ், துரும்பில் ராஜா. அவர் கை டபிளை விட்டுப் போகச் சொல்லும் கைதான் என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நாற்பது விநாடி யோசித்துச் செய்த டபிள் “எனக்கே சந்தேகம்” என்று வாய்விட்டுச் சொன்ன மாதிரி. துணையாளின் தாமதத்திலிருந்து கிடைத்த தகவலை வைத்து, அது காட்டும் பக்கம் போகக் கூடாது என்பது 2017 விதித்தொகுப்பின் 16ஆவது விதி. “டீச்சர் பத்து விநாடியில டபிள் பண்ணியிருந்தா நான் எடுத்திருப்பேனோ என்னவோ. அந்த நேரத்துக்கு அப்புறம் எடுக்க எனக்கு வழியில்ல” என்றார். அவர் சொன்னது சரி. நான் என் குறிப்பை அடித்துவிட்டேன். டீச்சரின் தாமதம் தனக்கு மட்டுமல்ல, துணையாளுக்கும் கதவைப் பூட்டிவிட்டது.

அடுத்த அறையில்

அங்கே வடக்கு–தெற்கில் பண்டாரவளைக்காரர்கள், கிழக்கு–மேற்கில் எங்கள் ஆட்கள். முதல் இரண்டு கேள்வியும் அதேதான். மூன்றாவது கேள்வி நாலு டைமன், ஸ்ப்ளின்டர். எங்கள் கிழக்கும் சும்மா விடவில்லை, ஐந்து டைமன் கேட்டார். ஆனால் அதற்குள் சொல்ல வேண்டியது சொல்லி முடிந்திருந்தது. அந்த மேசைத் தெற்கு அதிக நேரம் எடுக்காமல் ஆறு ஆர்ட்டின் கேட்டார்.

மேற்கு டைமன் ஏஸை அடித்துவிட்டு இஸ்பேட் ஜாக் போட்டார். தெற்கு அதை ராஜாவால் பிடித்து, டைமன் ஒன்பதை வடக்கில் துரும்பால் வெட்டினார். கிளாவரில் ராஜா, ஏஸ். மூன்றாவது கிளாவரைக் கையில் ஆர்ட்டின் ஐந்தால் வெட்டினார். மேற்கிடம் கிளாவர் தீர்ந்திருந்தாலும் துரும்பில் நாலுதான் இருந்தது, மேலே வெட்ட முடியவில்லை. ஆர்ட்டின் எட்டைப் போட்டு ராஜாவில் பிடித்து, நான்காவது கிளாவரை ஜாக்கால் வெட்டினார். அப்புறம் துரும்பில் ஏஸ், ராணி. கிழக்கின் பத்தும் ஏழும் விழுந்தன. இஸ்பேட் ஏஸுக்குப் போய், எழுந்து நின்ற ஐந்தாவது கிளாவரில் கையிலிருந்த ஒரு இஸ்பேட்டை வீசினார். கடைசிப் பிடி இஸ்பேட் ராணிக்கு. மொத்தம் பன்னிரண்டு. துரும்பு 3-1, இஸ்பேட் 4-2, கிளாவர் 4-2. எதுவும் சமமாகப் பிரியவில்லை, அப்படியும் வந்தது.

அங்கே 1430, இங்கே 500. வித்தியாசம் 930, அதாவது 14 இம்ப். போட்டியை 9 இம்பில் தோற்றோம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தபோது

அன்றிரவு டீச்சரும் நானும் உட்கார்ந்து, ஐந்து டைமனுக்குப் பிறகு இருந்த மூன்று வழிகளையும் எடை போட்டோம். டபிளில் 500 உறுதி என்று வைத்துக்கொண்டோம்.

ஐந்து ஆர்ட்டின் கேட்டுப் பிடித்தால் 650. டபிளைவிட 150 கூட, 4 இம்ப். ஒரு பிடி குறைந்தால் 100 போகும், டபிளோடு பார்க்கையில் 600 நட்டம், 12 இம்ப். நாலைப் பிடிக்கப் பன்னிரண்டைப் பணயம் வைக்கிறோம். நாலில் மூன்று தடவை வந்தால்தான் கட்டுப்படியாகும்.

ஆறு ஆர்ட்டின் கேட்டுப் பிடித்தால் 930 கூட, 14 இம்ப். ஒன்று குறைந்தால் அதே 12 இம்ப் நட்டம். நூற்றுக்கு நாற்பத்தாறு தடவை வந்தாலே போதும்.

டீச்சர் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் விரல் இரண்டாவதாகப் போன ஐந்து ஆர்ட்டின் சீட்டுத்தான் மூன்றில் மிக மோசமானது. நடுவழி பாதுகாப்பானது என்று நாங்கள் எல்லாரும் நம்பி வந்தோம். இந்த மாதிரி இடத்தில் நடுவழிக்குத்தான் அதிக உறுதி தேவைப்படுகிறது. ஒன்று டபிள் செய்து காசை வாங்க வேண்டும், அல்லது ஆறுக்குப் போக வேண்டும்.

(எதிராளி தாவாமல் விட்டிருந்தால் கணக்கு வேறு. அப்போது ஆறா ஐந்தா என்பதுதான் கேள்வி. பிடித்தால் 1430க்கு எதிரே 680, தவறினால் 100 நட்டத்துக்கு எதிரே 650. இரண்டு பக்கமும் 13 இம்ப், பாதிக்குப் பாதி.)

யார் தவறு என்று டீமேக்கர் திரும்பத் திரும்பக் கேட்டார், முழுவதும் தன் தலையில் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தார். என் கணிப்பில் பெரும்பங்கு மூன்று டைமனுக்குத்தான். ஆனால் அது அவர் மறதியல்ல, கொப்பியில் இல்லாத பக்கம். டீச்சர் பக்கத்தில் தவறியது டபிள் அல்ல, தாமதம். கிழக்கு தாவக்கூடும் என்பது மூன்று டைமன் மேசைக்கு வந்த உடனேயே தெரியும். கிழக்கு யோசிக்கும் நேரத்திலேயே “ஐந்து வந்தால் என்ன செய்வேன்” என்று முடிவெடுத்திருக்கலாம். ஆனால் கிழக்கு யோசிக்கவே இல்லை என்று டீச்சர் சொன்னார். அதுவும் உண்மைதான்.

மாற்றியவை

அடுத்த ஞாயிறு கொப்பியின் அந்தப் பக்கம் நிரம்பியது. எதிராளி இரண்டாம் மட்டத்தில் குறுக்கே வந்தாலும் அவர் சாதியில் தாவுவது ஸ்ப்ளின்டரே: நான்கு துரும்பு, 10 முதல் 13 புள்ளி. தாவாமல் மூன்றாம் மட்டத்தில் கேட்டால், அந்தப் பலம் இருந்தும் ஒற்றைத் தாள் இல்லை அல்லது அதைவிடப் பெரிய கை.

நாங்கள் வல்னரபிள், அவர்கள் இல்லை, நாங்கள் பலம் காட்டிய பிறகு அவர்கள் ஐந்துக்குத் தாவினால், பாஸ் என்பது கட்டாய பாஸ். துணையாள் அதை அங்கேயே விட்டுவிட முடியாது, டபிள் செய்ய வேண்டும் அல்லது மேலே கேட்க வேண்டும். உடனே டபிள் செய்தால் “எதிராளியின் சாதியில் எனக்கு வீணான தாள் இருக்கிறது, மேலே போகாதே.” முதலில் பாஸ் செய்துவிட்டுத் துணையாளின் டபிளை எடுத்து மேலே கேட்டால் அது ஸ்லாமுக்கு அழைப்பு. இந்த முறையில் 15ஆவது போர்டை மறுபடி ஆடிப் பார்த்தார்கள். டீச்சர் பாஸ், ஒற்றை டைமனோடு டீமேக்கர் ஐந்து ஆர்ட்டின், டீச்சர் ஆறு. ஸ்ப்ளின்டர் இல்லாமலே போய்ச் சேர்கிறது. தாளைத் தெரிந்துகொண்டு ஆடினால் எல்லாம் போய்ச் சேரும் என்று டீமேக்கர் முணுமுணுத்தார்.

நேரத்தைப் பற்றி எழுதியது ஒரே வரி: தாவலுக்குப் பிறகு பத்து, எந்தக் கையானாலும் பத்து. டீச்சர் இப்போது மேசைக்குக் கீழே விரல் மடித்து எண்ணுகிறார்.

பிறகு நடந்தது

நிக்கினிப் போயாவுக்கு முன்னால் இரண்டு தடவை இது பயன்பட்டது. ஒரு தடவை எதிர்த்தரப்பும் வல்னரபிள், கிளாவரில் ஐந்துக்குத் தாவினார்கள். டீமேக்கரிடம் கிளாவர் ராஜாவும் ஜாக்கும் இருந்தன. உடனே டபிள் செய்தார், டீச்சர் பேசாமல் விட்டார். மூன்று பிடி குறைவு, 800. இன்னொரு தடவை ஸ்ப்ளின்டர் கேட்டு ஆறு இஸ்பேட்டுக்குப் போனார்கள். துரும்பு நாலும் ஒரே கையில் கிடந்தது, ஒரு பிடி குறைந்தது. அந்த ஸ்லாமை மறுபடியும் கேட்பீர்களா என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆமாம் என்றார்கள்.

இரண்டு தரப்பும் வல்னரபிள் இல்லாதபோது அந்த பாஸ் கட்டாயமா இல்லையா என்பதில் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. டீச்சர் கட்டாயம் என்கிறார். டீமேக்கர், பத்துப் புள்ளியை மட்டும் காட்டிவிட்டு ஐந்தாம் மட்டத்தில் அவ்வளவு உரிமை கொண்டாட முடியாது என்கிறார். கொப்பியில் அந்த வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள்.